லத்தீன் வேர்ச்சொற்கள் படித்தால் ஜிஆர்இ சொற்பட்டியலை விட்டுவிடலாமா?

கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழி, அப்புறம் இன்ஜினியரிங், இன்னும் நான்கு மாதத்தில் வெளிநாட்டு மேற்படிப்புக்கான ஜிஆர்இ தேர்வு. மூவாயிரம் சொற்கள் கொண்ட பட்டியலை மனப்பாடம் செய்வதற்குப் பதில் நூறு லத்தீன் வேர்ச்சொற்களைப் படித்தாலே போதும் என்று சொல்கிறார்களே, அது உண்மையா என்பது அவர் கேள்வி. அவர் அக்கா மத்திய அரசு வேலைக்கான எஸ்எஸ்சி தேர்வுக்குப் படிக்கிறார், அதே குறிப்புகள் அவருக்கும் ஆகுமா என்றும் கேட்டிருக்கிறார். ஆனால் இதற்கு அடியில் அவர் எழுதாத ஒரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது. சின்ன வயதிலிருந்து ஆங்கிலக் கதைப் புத்தகங்களோடு வளர்ந்தவர்கள் எழுதும் தேர்வு இது. அப்படி வளராத நான் நான்கு மாதத்தில் அவர்களை எட்டிப் பிடிக்க முடியுமா? பழைய வண்ணாரப்பேட்டையில் பல வருடங்களாக மாலை வகுப்பில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் மனதில் இந்தக் கேள்வியைத்தான் வைத்திருப்பார்கள். அதனால் அதையும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

சுருக்கமாகச் சொன்னால், வேர்ச்சொல் படிப்பது சொற்பட்டியலுக்கு மாற்று ஆகாது. பட்டியலில் படித்ததை மறக்காமல் வைத்துக்கொள்ளத்தான் அது உதவும், அந்த வேலையை அது மிக நன்றாகச் செய்யும். இன்னொன்று, பள்ளியில் தமிழ் இலக்கணத்தை ஓரளவு ஒழுங்காகப் படித்தவருக்கு இந்த முறை மற்றவர்களைவிடச் சீக்கிரம் பிடிபடும். இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. ஏன் என்று கீழே விளக்குகிறேன்.

முதலில் சந்தேகமே இல்லாத செய்தி. ஆங்கிலம் அடிப்படையில் ஜெர்மானிய மொழி. வீடு, தண்ணீர், சாப்பாடு, அம்மா, வா, போ என்று அன்றாடம் புழங்கும் ஆங்கிலச் சொற்கள் பெரும்பாலும் அந்தப் பழைய அடியிலிருந்து வந்தவை. 1066ல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு அரசவை, சட்டம், நிர்வாகம் எல்லாம் பிரெஞ்சுக்குப் போயின. பிரெஞ்சு லத்தீனின் பிள்ளை. அப்புறம் 16, 17ஆம் நூற்றாண்டுகளில் அறிஞர்கள் லத்தீனிலிருந்தும் கிரேக்கத்திலிருந்தும் நேரடியாகவே சொற்களை அள்ளிக்கொண்டு வந்தார்கள். இப்படி ஆங்கில அகராதியில் பாதிக்கு மேற்பட்ட சொற்கள் லத்தீன், கிரேக்க வழி வந்தவையாகிவிட்டன. கேட்பதற்கு ஆங்கிலத்தில் 'ஆஸ்க்' என்ற சொல் இருக்கிறது. கொஞ்சம் மரியாதையான இடத்தில் 'குவெஸ்சன்' வரும், போலீஸ் ஸ்டேஷனில் 'இன்டராகேட்' வரும். முதலாவது ஜெர்மானியம், இரண்டாவது பிரெஞ்சு வழி, மூன்றாவது நேரடி லத்தீன். தேர்வு நடத்துகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் அந்த மூன்றாவது தட்டைத்தான். நமக்குத் தெரியாத சொற்கள் அதிகம் இருக்கிற இடமும், வேர்ச்சொல் அறிவு அதிகம் பயன்படுகிற இடமும் ஒன்றாகவே இருக்கின்றன.

இப்போது பள்ளிக்கூடத்துத் தமிழ் இலக்கணத்தை நினைத்துப் பாருங்கள். பகுபத உறுப்பிலக்கணம் எழுதியிருப்பீர்கள். வந்தான் என்பதை வா + த் + த் + ஆன் என்று பிரித்து, வா என்ற பகுதி வ என்று குறுகியது விகாரம், சந்தித் தகரம் ந் ஆனதும் விகாரம், நடுவில் இருக்கும் த் இறந்தகால இடைநிலை, ஆன் ஆண்பால் விகுதி என்று எழுதி இரண்டு மதிப்பெண் வாங்கியிருப்பீர்கள். லத்தீன் வேர்ச்சொல் படிப்பதும் இதே வேலைதான். ஒரே வித்தியாசம், அங்கே பகுதிக்கு முன்னாலும் ஒட்டு வரும். ஆங்கில வழியில் படித்த பிள்ளைகளில் பலர் ஒரு சொல்லை இப்படி உறுப்பு உறுப்பாகப் பிரித்தே பார்த்திருக்க மாட்டார்கள். நீங்கள் வருடக்கணக்கில் செய்திருக்கிறீர்கள்.

புணர்ச்சி விதியும் அப்படித்தான். மரம் + கள் என்பது மரங்கள் ஆகிறது; அடுத்து வரும் எழுத்துக்கு ஏற்றபடி மகரம் மாறுகிறது. லத்தீனில் 'இன்' என்ற முன்னொட்டுக்கு இல்லை என்று ஒரு பொருள். அது 'லீகல்' முன்னால் வந்தால் 'இல்லீகல்', 'பாஸிபிள்' முன்னால் வந்தால் 'இம்பாஸிபிள்', 'ரெகுலர்' முன்னால் வந்தால் 'இர்ரெகுலர்'. கூட, சேர்ந்து என்ற பொருள் தரும் 'கான்' என்பது 'கொல்லோக்கியல்' என்ற சொல்லில் 'கொல்' ஆகிவிடுகிறது. நோக்கி என்ற பொருள் தரும் 'அட்' என்பது 'அக்ரிகேட்' என்பதில் 'அக்' ஆகிறது. வா குறுகி வ ஆவது போல லத்தீன் வேர்களும் முன்னொட்டு சேர்ந்ததும் உயிரெழுத்தை மாற்றிக்கொள்ளும். பிடி என்ற பொருள் தரும் 'டென்' என்ற வேர் 'டெனேஷியஸ்' என்ற சொல்லில் அப்படியே இருக்கும், 'பெர்ட்டினேஷியஸ்' என்பதில் 'டின்' ஆகிவிடும். முன்னது விடாப்பிடி, பின்னது அதைவிட மோசமான பிடிவாதம். இந்த மாற்றம் பிடிபடாத மாணவர் 'டென்' ஒன்று, 'டின்' ஒன்று என்று இரண்டு வேர்களாகப் படித்துக்கொண்டிருப்பார். புணர்ச்சி தெரிந்தவருக்கு ஒரே வேர்தான்.

ஒரு குடும்பத்தை எடுத்துப் பார்ப்போம். 'ஸ்பெக்' என்றால் பார். முன்னொட்டு சேர்ந்தால் சில இடங்களில் 'ஸ்பிக்' ஆகும். உள்ளே பார்ப்பவர் இன்ஸ்பெக்டர். வேடிக்கை பார்ப்பவர் ஸ்பெக்டேட்டர். சுற்றுமுற்றும் பார்த்து அடி எடுத்து வைப்பவர் 'சர்க்கம்ஸ்பெக்ட்', அதாவது எச்சரிக்கையானவர். ஊடுருவிப் பார்ப்பவர் 'பெர்ஸ்பிகேஷியஸ்', கூர்மையான அறிவு உள்ளவர். மேலிருந்து கீழாகப் பார்த்து இகழத் தக்கது 'டெஸ்பிக்கபிள்'. பார்வைக்கு மட்டும் சரியாக இருந்து உள்ளே பொய்யாக இருக்கும் வாதம் 'ஸ்பீஷியஸ்'. இந்தக் கடைசிச் சொல்லை ஜிஆர்இயில் அடிக்கடி பார்ப்பீர்கள். நல்ல சொல் போல ஒலிக்கிறது, ஆனால் குறை சொல்லும் சொல். பார் என்ற வேர் தெரிந்தால், பார்வைக்கு மட்டும் அழகு என்ற நினைப்பு அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

இதே குடும்பத்தில் 'ஆஸ்பிஷியஸ்' என்று ஒரு சொல், மங்களகரமான என்று பொருள். 'அவிஸ்' என்றால் பறவை, அதோடு பார் சேர்ந்தது. ரோமானியர்கள் போருக்குப் போகும் முன்பும் பெரிய பொதுக் காரியங்கள் தொடங்கும் முன்பும் பறவைகள் பறக்கும் திசையையும் அவை தீனி தின்னும் விதத்தையும் பார்த்து நல்லது கெட்டது சொன்னார்கள். நம் பழந்தமிழில் புள் என்றால் பறவை, நிமித்தம் என்ற பொருளும் அதற்கு உண்டு. நாம் தினமும் சொல்கிற சகுனம் என்ற சொல்லின் மூலமான வடசொல்லுக்கும் முதற்பொருள் பறவைதான். மூன்று மொழிக்காரர்களும் வானத்தைப் பார்த்தே நல்ல நேரம் கணித்திருக்கிறார்கள். வகுப்பில் இதை ஒரு முறை சொல்லிவிட்டால் போதும், அந்தச் சொல்லை யாரும் மறுபடி என்னிடம் கேட்பதில்லை.

'கேண்டிட்' என்பதும் அப்படித்தான். லத்தீனில் அந்த வேருக்கு வெள்ளை என்று பொருள். ரோமில் தேர்தலில் நிற்பவர்கள் பளிச்சென்று வெளுத்த மேலாடை போட்டுக்கொண்டு ஓட்டுக் கேட்டார்கள், அதனால் வேட்பாளருக்கு 'கேண்டிடேட்' என்று பெயர். மனதில் இருப்பதை மறைக்காமல் பேசுகிறவர் 'கேண்டிட்'. வெள்ளை வேட்டி வேட்பாளரும் வெள்ளை மனசு என்ற வழக்கும் தமிழில் ஏற்கெனவே இருக்கும்போது இந்த இரண்டையும் தனியாக உருப்போட வேண்டியதில்லை. வடசென்னையில் குத்துச்சண்டைப் பயிற்சி பார்க்காமல் வளர்ந்தவர் குறைவு. லத்தீனில் முட்டிக்கு 'புக்னஸ்' என்று பெயர். அதிலிருந்து குத்துச்சண்டைக்காரர் 'புஜிலிஸ்ட்', சண்டைக்கு அலைகிறவர் 'பக்னேஷியஸ்', ஒருவரின் நேர்மையைக் கேள்விக்குள்ளாக்கி அடிப்பது 'இம்ப்யூன்', எதிர்த்துத் தள்ளத் தோன்றுகிற அருவருப்பு 'ரிபக்னன்ட்'. நான்கு சொல்லுக்கும் ஒரே முட்டி.

தமிழருக்கு இன்னொரு வசதியும் இருக்கிறது. தமிழில் கலந்திருக்கும் வடசொற்கள் பல லத்தீன் சொற்களுக்கு உறவு. சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் மூன்றும் ஒரே மூலத்திலிருந்து பிரிந்திருக்க வேண்டும் என்று 1786ல் கல்கத்தாவில் வில்லியம் ஜோன்ஸ் சொன்னார். மொழியியல் அதைப் பிறகு உறுதி செய்துவிட்டது. சொப்பனத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தூக்கமின்மையான 'இன்சோம்னியா', தூக்கக் கலக்கமான 'சோம்னொலன்ட்' இரண்டும் மனதில் நிற்கும். நாமம் தெரிந்தவருக்குப் பெயரளவுக்கு மட்டும் என்று பொருள்படும் 'நாமினல்', பெயர் கெட்டுப்போன அவமானமான 'இக்னொமினி'. வாக்கு தெரிந்தவருக்குக் கூச்சல் போடும் 'வொஸிஃபரஸ்', இரண்டு பக்கமும் பேசும் 'இக்விவொக்கல்'. மரணத்தோடு 'மோர்ட்டல்', சாகும் தறுவாயில் இருக்கும் 'மாரிபண்ட்'. அக்னியோடு 'இக்னைட்', யுவனோடு 'ஜுவனைல்', தந்தத்தோடு 'டென்டல்'. இவை ஒலிக்காக நான் ஒட்டவைத்தவை இல்லை, மொழியியலில் நிறுவப்பட்ட உறவுகள்.

ஆனால் இங்கே ஒரு எல்லைக்கோடு போட வேண்டும். தமிழ் அந்தக் குடும்பத்தில் இல்லை. தென்னிந்திய மொழிகள் சமஸ்கிருதத்திலிருந்து பிறந்தவை அல்ல, தனிக் குடும்பம் என்று 1816லேயே இங்கே கலெக்டராக இருந்த எல்லிஸ் எழுதிவிட்டார். 1856ல் கால்டுவெல் அதை விரிவாக நிறுவினார். ஆகவே தனித்தமிழ்ச் சொல்லும் ஆங்கிலச் சொல்லும் ஒரே மாதிரி ஒலித்தால் அதை உறவு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. எட்டும் 'எய்ட்'டும் ஒன்று போல ஒலிக்கின்றன, ஆனால் 'எய்ட்'டின் உண்மையான உறவு அஷ்டம். ஒலி ஒற்றுமையை நினைவுக்காக வைத்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. அதை வரலாறாக நம்பி அடுத்த சொல்லின் பொருளை ஊகித்தால்தான் ஆபத்து. ஆங்கிலத்திலேயே இப்படிப்பட்ட கட்டுக்கதைகள் உண்டு. 'சின்சியர்' என்பதற்கு மெழுகு இல்லாத என்று பொருள், சிற்பிகள் விரிசலை மெழுகால் மறைப்பார்கள் என்று ஒரு கதை வாட்ஸப்பில் சுற்றும். சொல் வரலாறு படித்தவர்கள் அதை ஏற்பதில்லை.

இனி இந்த முறை எங்கே கைவிடும் என்று பார்ப்போம். பழைய ஜிஆர்இயில் எதிர்ச்சொல் கேள்விகள் இருந்தன. ஒரே ஒரு சொல், வாக்கியம் கிடையாது, ஐந்து விடைகள். அங்கே வேரை வைத்து ஊகிப்பது பெரிய ஆயுதம். 2011 ஆகஸ்டில் எதிர்ச்சொல்லையும் ஒப்புமைக் கேள்வியையும் எடுத்துவிட்டார்கள். சென்ட்ரல் பக்கத்தில் மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடைகளில் கிடைக்கும் தடித்த பட்டியல் புத்தகங்கள் பலவும், நூறு வேர் போதும் என்ற அறிவுரையும் அந்தக் காலத்துத் தேர்வுக்காக உருவானவை. 2023 செப்டம்பரிலிருந்து தேர்வு இரண்டு மணி நேரத்துக்குள் சுருங்கிவிட்டது. வெர்பல் என்ற ஆங்கில மொழிப் பகுதியில் 27 கேள்விகள், 41 நிமிடம். அதில் ஏறக்குறைய பாதி பத்தி வாசித்துப் பதில் சொல்வது. மீதியில் கோடிட்ட இடம் நிரப்புவதும், ஆறு சொற்களில் ஒரே பொருள் தரும் இரண்டைத் தேர்ந்தெடுப்பதும் வரும். எல்லாமே வாக்கியத்துக்குள் இருக்கின்றன. கோடிட்ட இடம் மூன்று இருந்தால் மூன்றும் சரியாக இருக்க வேண்டும், இரண்டுக்குப் பாதி மதிப்பெண் கிடையாது. தோராயமான பொருள் இங்கே பத்தாது.

வேர் தருவது தோராயமான பொருள்தான். மின்ட் வரை போகும் பஸ் மாதிரி அது. நம்மைப் பக்கத்தில் கொண்டுபோய் இறக்கிவிடும், வீட்டு வாசலுக்கு நாம்தான் நடக்க வேண்டும். 'க்ரெக்' என்றால் மந்தை. மந்தையோடு சேர்ந்து இருக்க விரும்புகிறவர் 'க்ரிகேரியஸ்', நன்றாகப் பழகுகிறவர். மந்தையிலிருந்து பிரிப்பது 'செக்ரிகேட்'. மந்தையிலிருந்து தனித்து நிற்பது 'இக்ரீஜியஸ்'. தனித்து நிற்பது என்றால் சிறந்தது என்றுதானே நினைப்போம்? ஒரு காலத்தில் ஆங்கிலத்திலும் அப்படித்தான் பொருள். இன்று அது படுமோசமான தவறைக் குறிக்கும் சொல். வேர் அதே இடத்தில் இருக்க, பொருள் தலைகீழாகிவிட்டது. 'எனர்வேட்' என்பதில் நரம்பு இருக்கிறது. பார்த்தால் தெம்பு ஊட்டுவது போலத் தோன்றும், உண்மையில் தெம்பை உறிஞ்சி எடுப்பது. 'சாங்குவின்' என்பதில் ரத்தம் இருக்கிறது, பொருளோ நம்பிக்கையோடு இருப்பவர். சித்த வைத்தியத்தில் வாதம், பித்தம், கபம் சொல்வது போல ஐரோப்பியப் பழைய வைத்தியத்தில் நான்கு உடல்நீர்கள் சொன்னார்கள். ரத்தம் மிகுந்தவர் உற்சாகமானவர் என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கதை தெரியாமல் வேரை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் நம்பிக்கைக்குப் போய்ச் சேர முடியாது.

ஒரே மாதிரி எழுத்து, வேறு வேறு வேர் என்பது இன்னொரு பொறி. 'சிட்' என்று வந்தால் இரண்டு வழி. வெட்டு என்ற வேரிலிருந்து வந்தால் கொலையான 'ஹோமிசைட்', வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசும் 'இன்ஸைசிவ்'. விழு என்ற வேரிலிருந்து வந்தால் விபத்தான 'ஆக்ஸிடென்ட்', இலையுதிர்க்கும் மரத்துக்கான 'டெஸிடுயஸ்'. 'பெட்' லத்தீனில் கால், அதனால் நடந்து போகிறவர் 'பெடெஸ்ட்ரியன்'. கிரேக்கத்தில் அது குழந்தை, அதனால் குழந்தை வைத்தியர் 'பீடியாட்ரிஷன்'. இந்த இரட்டைகளைத் தனிப் பக்கத்தில் எழுதி வையுங்கள். எண்ணிக்கை அதிகம் இல்லை, ஆனால் ஆளைக் கவிழ்ப்பவை.

வேரே இல்லாத சொற்களும் உண்டு. ஆட்கள், ஊர்கள் பெயரிலிருந்து வந்த 'டிராக்கோனியன்', 'லக்கோனிக்', 'குவிக்ஸாட்டிக்', 'மேவரிக்' எல்லாம் கதையோடு படிக்க வேண்டியவை. ஜிஆர்இ பட்டியல்களில் தமிழிலிருந்து போன ஒரு சொல்லும் வரும், அதைப் பற்றிச் சொல்லாமல் போக எனக்கு மனம் இல்லை. ஒதுக்கி வைக்கப்பட்டவர் என்ற பொருளில் வரும் 'பரையா'. பறையர் என்ற சமூகத்தின் பெயரை 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியர் எடுத்துக்கொண்டுபோய்ப் பிறகு இழிசொல் ஆக்கினார்கள். வியாசர்பாடியிலிருந்தும் புளியந்தோப்பிலிருந்தும் வரும் பிள்ளைகள் என் வகுப்பில் இருக்கிறார்கள். தேர்வில் வந்தால் பொருள் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காக அதன் வரலாற்றோடு சொல்லிக்கொடுக்கிறேன். பேச்சிலும் கட்டுரையிலும் அதைப் பயன்படுத்த வேண்டாம் என்றும் சொல்கிறேன். அந்த இடத்தில் எழுத 'அவுட்காஸ்ட்' இருக்கிறது.

தமிழ் வழியில் படித்தவர்கள் அதிகம் தடுமாறுவது கடினமான சொல்லில் இல்லை, தெரிந்த சொல்லில்தான். 'அரெஸ்ட்' என்றால் கைது என்று தெரியும். ஜிஆர்இயில் அது வளர்ச்சியைத் தடுத்து நிறுத்துவது. 'குவாலிஃபை' தகுதி பெறுவது என்று தெரியும். அங்கே சொன்ன கருத்துக்கு வரம்பு போடுவது. 'ஃப்ளாக்' கொடி என்று தெரியும். அங்கே சோர்ந்து தொய்வது. 'வான்ட்' வேண்டும் என்று தெரியும், அங்கே இல்லாமை. வேர்ச்சொல் இதற்கெல்லாம் ஒன்றும் செய்யாது. நான்கு மாதத்தில் ஒரு மாதம் குறைந்தாலும் பரவாயில்லை, இந்த வகைச் சொற்களை விடாதீர்கள்.

சரி, எப்படிப் படிப்பது? நூறு வேர் வேண்டாம். நாற்பது ஐம்பது வேர்களும் இருபது முன்னொட்டுகளும் போதும். ஆனால் வேரிலிருந்து தொடங்காதீர்கள், சொல்லிலிருந்து தொடங்குங்கள். ஒரு சொல்லை வாக்கியத்தில் சந்தித்ததும் அகராதி பாருங்கள். மெரியம்-வெப்ஸ்டர் இணைய அகராதி இலவசம். சொல் வரலாறும் அதிலேயே இருக்கும். பகுபதம் போலப் பிரித்து எழுதுங்கள். அதே வேரில் உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த ஒரு சொல்லைப் பக்கத்தில் எழுதுங்கள். இன்ஸ்பெக்டரைத் தெரிந்தவருக்கு 'சர்க்கம்ஸ்பெக்ட்' பாதி தெரிந்த மாதிரி. தெரிந்த சொல் ஒன்றும் இல்லாத வேரைப் படிப்பது பெரும்பாலும் வீண், ஒரு புதுச் சொல்லுக்குப் பதில் இரண்டு புதுச் சொற்களை மனப்பாடம் செய்ததாகத்தான் ஆகும்.

பொருளை அகராதித் தமிழில் எழுதாதீர்கள், வீட்டில் பேசுகிற தமிழில் எழுதுங்கள். 'லொக்வேஷியஸ்' என்பதற்கு மிகுதியாகப் பேசும் தன்மையுடைய என்று எழுதினால் நாளைக்கு மறந்துவிடும். வளவளவென்று பேசுகிற ஆள் என்று எழுதுங்கள். 'ஒப்ஸீக்வியஸ்' என்பதற்குக் கூழைக்கும்பிடு போடுகிறவன், ஜால்ரா. பின்னாலேயே போவது என்ற வேர் அதற்குள் இருக்கிறது. ஜால்ரா தட்டுகிறவர் செய்வதும் அதைத்தான். இப்படி எழுதும்போது சொல்லின் தொனியும் கூடவே வந்துவிடும். புகழ்கிற சொல்லா, திட்டுகிற சொல்லா, சும்மா சொல்கிறதா என்று தெரிந்தாலே பாதி விடைகளைக் கழித்துவிடலாம். ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் கூட்டல் குறியோ கழித்தல் குறியோ போடுங்கள்.

திரும்பப் பார்ப்பதில்தான் நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள். புதிதாகக் கற்றது முதல் சில நாட்களில்தான் வேகமாக மறக்கும் என்று 1885லேயே எபிங்ஹாஸ் என்ற ஜெர்மன் உளவியலாளர் தன்னையே சோதித்து எழுதினார். படித்த மறுநாள், மூன்றாம் நாள், ஒரு வாரம், இரண்டு வாரம் என்று இடைவெளி விட்டுப் பாருங்கள். ஆண்ட்ராய்டு போனில் ஆன்கி என்ற இலவச செயலியில் சொற்களை அட்டை அட்டையாக எழுதி வைத்தால், அது இந்த இடைவெளியைத் தானே கணக்கிடும். அட்டையின் முன்பக்கம் சொல்லை மட்டும் போடாமல் வாக்கியத்தையும் போடுங்கள். ஒரு நாளைக்குப் புதுச் சொல் பதினைந்து போதும். முதல் மாதம் அதற்குக் கீழே இருந்தாலும் கவலை வேண்டாம்.

எதைப் படிப்பது என்று கேட்டால், உங்களுக்கு விஷயம் தெரிந்த கட்டுரைகளில் ஆரம்பியுங்கள். 2017 ஜனவரியில் எண்ணூர் கடலில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது, 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்தது, அனல்மின் நிலையச் சாம்பல், கொசஸ்தலை ஆறு இவற்றைப் பற்றி ஆங்கிலத்தில் நிறைய எழுதியிருக்கிறார்கள். என்ன நடந்தது என்று உங்களுக்கு முன்பே தெரியும், அதனால் தெரியாத சொல் வந்தாலும் பொருள் தானாகவே புரியும். பாதிப்பைத் தணிக்கும் 'மிட்டிகேட்', மோசமாக்கும் 'எக்ஸாசர்பேட்', குற்றத்துக்குப் பொறுப்பான 'கல்பபிள்' எல்லாம் அங்கே வரும். 'கல்பா' என்றால் குற்றம். குற்றத்திலிருந்து விடுவிப்பது 'எக்ஸ்கல்பேட்' என்பதை இனி யாரும் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு மாதம் இப்படிப் போன பிறகு அறிவியல், கலை வரலாறு என்று தெரியாத விஷயங்களுக்குப் போங்கள், ஏனென்றால் தேர்வில் வரும் பத்திகள் அப்படித்தான் இருக்கும். வீட்டில் இடம் போதவில்லை என்றால் கொளத்தூரில் 2024 நவம்பரில் திறந்த முதல்வர் படைப்பகத்தில் உட்கார்ந்து படிக்க வசதி இருக்கிறது.

இப்படிச் செய்தால் எட்டிப் பிடிக்க முடியுமா? ஆங்கிலம் படித்தே வளர்ந்தவரின் வாசிப்பு வேகத்தை நான்கு மாதத்தில் முழுதாகப் பிடிப்பது கஷ்டம், மறைக்க விரும்பவில்லை. சொல்லறிவில் பிடித்துவிடலாம், தமிழ் வழியில் வந்து அதைச் செய்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். வேகத்துக்கு ஒரே வழி தினமும் வாசிப்பது. அதனால் இரண்டு மணி நேரம் கிடைத்தால் சொல்லுக்கு ஐம்பது நிமிடம், வாசிப்புக்கு மீதி என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

அக்காவுக்கு இதே வேர்க் குறிப்புகள் உங்களைவிட அதிகமாகவே பயன்படும். எஸ்எஸ்சி பட்டதாரிகளுக்கு நடத்தும் சிஜிஎல் தேர்வின் முதல் கட்டத்தில் ஆங்கிலத்துக்கு 25 கேள்விகள், 50 மதிப்பெண். அதில் இணைச்சொல், எதிர்ச்சொல், பல சொற்களுக்கு ஒரு சொல் என்று வாக்கியம் இல்லாத கேள்விகள் இன்னும் வருகின்றன. தாயைக் கொல்வது 'மேட்ரிசைட்', அரசனைக் கொல்வது 'ரெஜிசைட்', எல்லாம் தின்பது 'ஆம்னிவோரஸ்', தூக்கத்தில் நடப்பவர் 'சோம்னாம்புலிஸ்ட்'. இந்தப் பகுதி முழுக்க வேர்களால் கட்டியது. ஆனால் தவறான விடைக்கு அரை மதிப்பெண் போகும், ஜிஆர்இயில் அப்படிக் கழிப்பது கிடையாது. அதனால் வேரை வைத்து ஊகிக்கும்போது இரண்டு விடைகளையாவது உறுதியாகக் கழித்த பிறகே குறிக்கச் சொல்லுங்கள். மரபுத்தொடர், எழுத்துப்பிழை, இலக்கணப்பிழைக் கேள்விகளுக்கு முந்தைய வருட வினாத்தாள்களைத்தான் அவர் போட்டுப் பார்க்க வேண்டும், அங்கே வேருக்கு வேலை இல்லை. பழைய வண்ணாரப்பேட்டை சர் தியாகராயா கல்லூரி வளாகத்தில் தமிழக அரசின் இலவசப் போட்டித் தேர்வுப் பயிற்சி மையம் இருக்கிறது. விண்ணப்ப அறிவிப்பு வரும்போது அவர் போட்டு வைக்கட்டும். வேர், முன்னொட்டுப் பக்கங்களை இருவரும் ஒரே நோட்டில் எழுதிக்கொள்ளலாம். வாக்கிய அட்டைகளை மட்டும் நீங்கள் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.